கழுவி நிறுத்திய பதினான்கு வண்டிகள்

சங்கராபுரம் வட்டம்,
7-10-1990, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா சின்னப்பொண்ணு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு கறவை மாடும் அந்தப் பழைய டிராக்டரும் ஏதோ ஒரு மாதிரி சுகமாகத்தான் இருக்கிறோம், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, கை கால் முழுசாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் எங்கள் சுகத்தைச் சுகம் என்று சொல்ல முடியும். நீ புரட்டாசி ஒன்றாம் தேதி போட்ட கடிதம் போன வியாழக்கிழமைதான் வந்தது, பதினேழு நாள் ஆகியிருக்கிறது, ரயிலை எல்லாம் அங்கங்கே மறித்துவிட்டார்களாம். தபால்காரர் பாவாடை அதை என் கையில் கொடுக்கும்போதே, அக்கா கோபித்துக்கொள்ளாதே, இது நான் வைத்திருந்த கடிதம் இல்லை, வடக்கே கிடந்து வந்த கடிதம் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். மூன்று நாளாக நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

இந்தக் கடிதத்தை எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை எழுதிக் கிழித்தாகிவிட்டது. அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை உட்கார்ந்து மெதுவாகப் படி. தை மாதம் இங்கே வந்து நீ எடுத்துப்போன அளவுகளை நீ ஒழுங்காகத்தான் எடுத்தாய், ஆனால் அந்த அளவுகள் தப்பு. தப்பு உன்மேல் இல்லை, எங்கள்மேல். நேற்று சங்கராபுரம் போயிருந்தபோது, கடிதம் வருகிறது, அதுவரை யாரிடமும் எதுவும் உறுதி சொல்லாதே என்று உனக்கு ஒரு தந்தி கொடுத்தேன், கிடைத்ததா இல்லையா தெரியாது. உன் அப்பாவுக்குத் தந்தி விஷயம் தெரியாது, வெற்றிலை பாக்கு வாங்கத்தான் போனேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதத்தை நான் புரிந்துகொண்டது சரியா என்று நீயே பார். கரும்பு ஏற்றுகிற டிரெய்லரின் இரும்பு பாரம் தாங்காமல் எந்த இடத்தில் விரிசல் விடுகிறது என்று பார்ப்பது உன் ஆராய்ச்சியில் பாதி. லோடு இழுக்கும்போது டிராக்டர் எவ்வளவு புகை விடுகிறது, அது காற்றை எவ்வளவு கெடுக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. அதற்காகப் பொங்கல் முடிந்த கையோடு மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை மில்லுக்குக் கரும்பு அடிக்கிற பதினான்கு டிராக்டரை நீ பார்த்தாய், அந்த வெள்ளைக் காகிதத்தைக் குழாய்க்குள் வைத்துப் பம்பால் புகையை இழுத்து எவ்வளவு கறுக்கிறது என்று குறித்துக்கொண்டாய். இப்போது உன் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து வருஷத்து இஞ்சின் இவ்வளவு சுத்தமாக ஓடாது, பதினான்கு டிரெய்லரில் ஒன்றில்கூட விரிசல் இல்லை என்பதும் நடக்காது, இதை எங்கே உட்கார்ந்து எழுதினாய் என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த ஒரு பையன், கோட்டாவில் வந்தவர்கள் அளக்க மாட்டார்கள், எழுதத்தான் செய்வார்கள் என்று சிரித்திருக்கிறான். இந்த மாதம் 29ஆம் தேதி நான்கு பேர் உட்கார்ந்து உன்னை விசாரிக்கப்போகிறார்கள், அளந்ததற்கு ஆதாரம் காட்டவில்லை என்றால் படிப்பிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்கள். இவ்வளவுதானே. கோயம்புத்தூரில் நீ பி.இ. சேர்ந்ததுதான் நம் இட ஒதுக்கீட்டில், அங்கே மேல்படிப்புக்குப் போனது அவனைப் போலவே பரீட்சை எழுதித்தான், அதை அந்தப் பையனிடம் சொன்னாயா? சொன்னாலும் அவன் கேட்டிருக்கவா போகிறான். ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய், நீ பேசாமல் வருகிறவள் இல்லையே.

எனக்கு இந்தக் கலவரமும் விளங்கவில்லை. மூன்று வருஷம் முன்னால் இதே புரட்டாசியில் இங்கே ரோட்டுக்கு ரோடு மரத்தை வெட்டிப் போட்டு ஒரு வாரம் பஸ் ஓடாமல் கிடந்தது, அது படிப்பிலும் வேலையிலும் நமக்கு இடம் கொடு என்று கேட்டு. இப்போது அங்கே வடக்கே ரோட்டில் உட்கார்ந்திருப்பது நம் மாதிரி ஆட்களுக்கு இடம் கொடுக்காதே என்று. இரண்டையும் பேப்பரில் போராட்டம் என்றுதான் போடுகிறான். பிள்ளைகள் தங்கள்மேலேயே நெருப்பு வைத்துக்கொள்கிறார்கள் என்று படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவர்கள் உன்னை வேண்டாம் என்கிற கூட்டம்தான், இருந்தாலும் அந்தப் பிள்ளையையும் பத்து மாசம் ஒருத்தி சுமந்திருப்பாள். யார்மேல் கோபப்படுவது, யாருக்காக அழுவது என்றே தெரியாமல் அன்று மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மறந்து உன் அப்பாவிடம் பேச்சு வாங்கினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை மத்தியானம் உன் அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார், நான் உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். வாத்தியார் கேட்ட இடம் வந்ததும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். எழுந்து கை கழுவப் போனவர் கிணற்றடியிலேயே நின்றுவிட்டார். போய்ப் பார்த்தால் முகத்தில் ஈ ஆடவில்லை. என்னங்க என்று கேட்டேன். "நல்லதுதானே செஞ்சோம், அதுல இன்னா தப்பு வந்துச்சு?" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

நீ அளக்க வருவதற்கு முன்னால் உன் அப்பாவிடம் ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? யாரும் எதையும் புதிதாகச் செய்ய வேண்டாம், எப்போதும் எப்படி ஓட்டுவார்களோ அப்படியே ஓட்டினால் போதும் என்று. அதை அவர் கேட்டார், தலையையும் ஆட்டினார். ஆனால் நம் வூட்டுக்கு வருகிறவர்கள் யார்தான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கிறார்கள்? சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்பார்கள், அதற்காகக் காபித்தண்ணி கூடக் கொடுக்காமலா அனுப்புகிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்பார்கள், நாம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்காமலா இருக்கிறோம். அப்படித்தான் உன் பேச்சையும் அவர் எடுத்துக்கொண்டார். பிள்ளை நம்மைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொல்கிறது, நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். டிராக்டர் புகை கக்கினால் உனக்கு மார்க்கு குறைந்துவிடும், இரும்பில் விரிசல் இருந்தால் நீ பரீட்சையில் பெயில் ஆகிவிடுவாய் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தர் வூட்டுக்கும் போய், என் பொண்ணு படிப்பு உங்க கையிலதான் இருக்கு என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். யாரையும் கும்பிடாத மனுஷன்.

அவர் கும்பிட்டதும் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு செய்திருக்கிறார்கள். சங்கராபுரத்து மெக்கானிக் பூமாலை நான்கு நாளில் பதினான்கு வண்டிக்கும் இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் கழட்டிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறார், டீசல் ஃபில்டர் புதுசு, ஆயில் புதுசு, காற்று போகிற டப்பாவைக்கூட மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறார். டிரெய்லரை டிராக்டரோடு மாட்டுகிற அந்த முக்கோண இரும்பில் விரிசல் இருந்ததை எல்லாம் வெல்டிங் வைத்து, தேய்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பெயிண்ட் வாசனை வருகிறதே என்று நீ கேட்டாயாம், பொங்கலுக்கு அடித்தது என்று எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்களாம், நீயும் மாட்டுக்கொம்புக்கு வர்ணம் அடிக்கிற ஊரில் பிறந்தவள்தானே, நம்பிவிட்டாய். எல்லாவற்றுக்கும் மேலே, ஒன்பது பத்து டன் ஏற்றுகிற வண்டியில் நீ வந்த நாட்களில் நான்கு டன்தான் ஏற்றியிருக்கிறார்கள். நீ சக்கரத்துக்கு மேலே மட்கார்டில் உட்கார்ந்து பாலத்து மேட்டில் பம்பு இழுத்து இழுத்துக் குறித்தாயே, அது எல்லாம் பாதி லோடு.

இதில் நான் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. நாசில் விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில் ரோட்டுக்கு வந்தபோது டிரெய்லரில் கரும்பு பலகை மட்டத்துக்குத்தான் இருந்ததைப் பார்த்தேன். எப்போதும் ஆள் உயரத்துக்கு மேலே தொங்கத் தொங்கப் போகிற வண்டி இன்று ஏன் இப்படிப் போகிறது என்று தோன்றியது. தோன்றினாலும், போகட்டும், என் பிள்ளை முகத்தில் கொஞ்சம் புகை குறைச்சலாக அடிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை உன்னிடம் கேட்டிருந்தால் இவ்வளவும் அன்றோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. அதற்கு இப்போது என்னை நானே எதால் அடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை உன் அப்பா மலைமேல் ரோடு போடுகிற வேலைக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்று மட்கார்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன், பைத்தியமா உனக்கு என்றார், ஆமாம் என்றேன். நீ போகும்போது மிச்சம் என்று பீரோவில் வைத்துவிட்டுப் போன அந்த வட்ட வட்டமான வெள்ளைக் காகிதத்தில் ஆறு எடுத்துக்கொண்டேன், அடுப்பு இடுக்கியும் எடுத்துக்கொண்டேன். பம்பு நம்மிடம் இல்லை, அதனால் இது அளவு இல்லை, பார்வைக்குத்தான், அது எனக்குத் தெரியும். கல்வராயன் மலை ரோட்டில் மூன்றாவது வளைவு ஏறும்போது வண்டி திணறியது, அப்போது சைலன்சர் வாயில் இடுக்கியால் காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்தேன், எண்ணி இருபது எண்ணுவதற்குள் ஒவ்வொன்றும் தோசைக்கல் அடி மாதிரி ஆகிவிட்டது. என் முகமும்தான். இறங்கி அதில் ஒன்றை உன் அப்பா கையில் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதையா அது கேட்டுச்சு?" என்றார். இந்தக் கரியையா என் பொண்ணு அவ்வளவு தூரத்திலிருந்து வந்து கேட்டுச்சு என்று அவருக்கு ஆச்சரியம் மாளவில்லை. எனக்கும்தான் மாளவில்லை கண்ணு, நீ கோபித்துக்கொள்ளாதே. கெட்டதைக் கெட்டதாகவே காட்டுங்கள் என்று இதுவரை எங்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

அதன்பிறகு ஒரே சண்டை. உன் அப்பா சொல்வது, அதுக்கு இதைச் சொல்லாதே. சொன்னால் இரண்டு வருஷப் படிப்பு மண்ணாகிவிடும், சொல்லாவிட்டால் அது நான் அளந்தேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லும், அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும், இதைத் தெரிந்துகொண்டு போய் நின்றால் முகம் மாறிவிடும் என்கிறார். கேட்கும்போது அது சரியாகத்தான் படுகிறது. மாட்டுக்குப் புல் போடப் போனால் அது தப்பாகப் படுகிறது. நீ பொய் எழுதவில்லை, ஆனால் எழுதினது பொய். இதை எப்படி எடுத்துச் சொன்னாலும் என் வாயில் முழுசாக வரவில்லை. நாளைக்கு அந்த அளவை நம்பி வேறு யாராவது, இந்த இரும்பு பத்து டன் தாங்கும் என்று வண்டி செய்தால் என்ன ஆகும் என்று சனிக்கிழமை பூமாலைதான் என்னிடம் கேட்டார். பிரசவம் பார்த்த மருத்துவச்சி மாதிரி அவருக்கு ஒவ்வொரு வண்டியும் நினைவிருக்கிறது, எந்த வண்டியில் எத்தனை விரல் நீளத்துக்கு விரிசல் இருந்தது என்று மளமளவென்று சொன்னார். சொன்னதை எழுதிக்கொடுங்கள் என்றேன். தயங்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தந்தி ஆபீஸுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் இதைத் தொட முடியவில்லை, அலைச்சல். பூமாலை எழுதியதற்குக் கீழே வண்டிக்காரர்கள் ஒவ்வொருத்தரும், ஆமாம், என் வண்டியை இப்படித்தான் செய்தோம், பாதி லோடுதான் ஏற்றினோம், அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று கையெழுத்துப் போட்டால் அதுதானே நீ அளந்ததற்கு ஆதாரம் என்று எனக்குத் தோன்றியது. அளவு போனாலும் போகட்டும், அளக்காமல் எழுதிவிட்டாள் என்கிற பேச்சாவது போகும் இல்லையா? இது உன் காலேஜில் செல்லுமா செல்லாதா என்றுகூட எனக்குத் தெரியாது. உன் அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், நான் தனியாகத்தான் போனேன். முதலில் கொளஞ்சியம்மாள் பெரியம்மா வூட்டுக்குப் போனேன், புருஷன் போனபிறகு டிராக்டரைத் தானே ஆள் வைத்து ஓட்டுகிறாளே, அவள்தான். முழுசாகக் கேட்டுவிட்டு, இதை அன்றைக்கே நம் பிள்ளையிடம் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று என்னையே திட்டிவிட்டு, பெயரைக் கோணல்மாணலாக எழுதினாள். அவள் எழுதியதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் மறுபேச்சு இல்லாமல் போட்டார்கள், கைநாட்டு மூன்று. ஒருத்தர் சின்னசேலத்தில் மகள் வூட்டுக்குப் போய்விட்டார், அவர் பெயர் இதில் இல்லை.

காசிநாதன் மாமாதான் முடியாது என்றார். உனக்குத் தெரியும், மரம் வெட்டிப் போட்ட அந்த மறியல் வருஷம் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்க் கடலூர் ஜெயிலில் பதினெட்டு நாள் வைத்திருந்தது. அதிலிருந்து அவர் எந்தக் காகிதத்திலும் பெயர் எழுதுவதில்லை, கூட்டுறவு சொசைட்டி காகிதத்தில்கூடப் பெண்டாட்டியைத்தான் போடச் சொல்கிறார். ஓவர் லோடு அடிக்கிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எந்த ஆபீசர் அதை எடுத்துக்கொண்டு வருவானோ, பொண்ணுக்கு வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன், இதை மட்டும் கேட்காதே என்றார். அவர் பயம் நியாயம்தான், நானும் எழுந்துவிட்டேன். எழுந்தவள் வாசலில் நின்று, அங்கே பையன் ஒருத்தன் உன்னைப் பார்த்துக் கோட்டாவில் வந்தவள் அளக்காமல் எழுதிவிட்டாள் என்று சிரித்ததைச் சொன்னேன். அதைச் சொல்லி அவரை இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, மனசு ஆறாமல் வாயில் வந்துவிட்டது. அவர் எழுந்து வாசலுக்கு வந்தார். "அந்தப் பொண்ணு மாதிரி நாலு பொண்ணு படிக்கட்டும்னுதான் தங்கச்சி நான் ரோட்டுல குந்திக்கினு இருந்தேன். அதைச் சொல்லியே அந்தப் பொண்ணைத் திருடின்றானுங்களா? எங்க போடணும் சொல்லு" என்றார். பேனாவை வாங்கி, தகப்பன் பெயர், ஊர், வண்டி நம்பர் எல்லாவற்றோடும் முழுப்பெயரை எழுதினார். எழுதிவிட்டு, நீ சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்த இடத்துக்கு நேர் கீழேதான் பெயிண்டுக்குள் வெல்டிங் வைத்து மூடிய விரிசல் இருந்தது, நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த இரும்பை இன்னும் மாற்றவில்லையாம். இந்த வாரமே மாற்றாவிட்டால் நான் வந்து வண்டிக்கு முன்னால் நிற்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பதினான்கில் பன்னிரண்டு ஆயிற்று. சின்னசேலம் போனவரை விட்டால் மீதி நம் வண்டி. நேற்று சாயந்திரம் காகிதத்தை உன் அப்பா முன்னால் வைத்தேன். எல்லார் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். என் பெயரும் வேண்டுமா என்றார். வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றேன். அது என்னைப் பற்றி இன்னா நினைக்கும் என்றார். நீ ஆறாவது படிக்கும்போது கணக்கில் தப்பு வந்ததற்கு நானா அடித்தேன், இல்லையே, இவர்தானே அடித்தார். அதுவா இப்போது அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு காகிதத்தை மடித்து வைத்தேன். காலையில் நான் பால் கறந்துவிட்டு வந்து பார்த்தால் காகிதம் மடித்து வைத்த இடத்திலேயே இருந்தது, அடியில் அவர் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. வண்டிக்காரர்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டது நான், எப்போதும்போல ஓட்டச் சொல்லி என் மகள் சொன்னதை நான்தான் கேட்கவில்லை என்று எழுதிக் கண்ணாயிரம் என்று போட்டிருக்கிறார். அவர் கழனிக்குப் போய்விட்டார், நான் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, நீயும் எழுதும்போது அதை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதாதே.

இனி என்ன செய்வது என்பது உன் கையில். இதைக் காட்டினால் நீ அளந்தவள் என்று நிரூபணம் ஆகும், கூடவே அளவு எல்லாம் குப்பைக்குப் போகும். காட்டாமல் இருந்தால் எது நிற்கும் எது போகும் என்று எனக்குத் தெரியாது. காட்ட வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, ஆனால் உன்னைக் கேட்காமல் உனக்கு நல்லது செய்யப்போய்த்தான் இவ்வளவும் வந்தது, அதனால் நான் இதற்குமேல் சொல்லமாட்டேன். அவர்கள் இன்னொரு தடவை அளக்க விட்டால் மார்கழியில் வா. கரும்பு வெட்டச் சொல்லி மில் கொடுக்கிற கட்டிங் ஆர்டர் அப்போது ஓடிக்கொண்டிருக்கும், எல்லா வண்டியும் கக்குகிறபடி கக்கும், பூமாலை ஒரு வண்டியையும் தொடமாட்டார், என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். விடவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு வூட்டுக்கு வா, அதில் ஒரு அவமானமும் இல்லை, ஊரில் யாராவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன், என் வாயைப் பற்றி ஊருக்குத் தெரியும்.

தீபாவளிக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும், ரயில் சரியாகும்வரை கிளம்பவும் வேண்டாம். முறுக்கு அனுப்பலாம் என்றால் பார்சல் போய்ச் சேருமா என்று பாவாடைக்கே சந்தேகமாக இருக்கிறது. சிவப்பு மாடு சினையாக இருக்கிறது. குளிர் ஆரம்பித்திருக்கும், கம்பளியை வெயிலில் போட்டு எடு. ஊர்வலம் போகிற பக்கம் போகாதே, வேடிக்கை பார்க்கவும் போகாதே. அந்தப் பையன் திரும்பவும் ஏதாவது சொன்னால் திருப்பிப் பேசு, பேசாமல் வந்தேன் என்று இன்னொரு கடிதம் எனக்கு எழுதாதே. பூமாலை எழுதிய காகிதமும், அதில் வண்டிக்காரர்கள் போட்ட கையெழுத்துகளும், மலையில் நான் பிடித்த கறுப்புக் காகிதம் ஆறும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன், 29ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்று எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் தலை குனியாமல், நினைத்ததைப் படித்து முடித்து நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் உனக்குச் சேரட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அந்தக் காகிதத்தில் கடைசிப் பெயர் உன் அப்பா பெயர். மற்றவர்கள் பெயர் போதும், அப்பாவுக்கு எதற்கு இந்தத் தலைகுனிவு என்று நீ அந்த அடிப்பகுதியை மட்டும் மடித்துக் காட்டத்தான் பார்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அவரும் உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் வண்டிகளைக் கழுவி நிறுத்தினார். நீ மடிக்காதே, முழுசாக விரித்து வை.

இப்படிக்கு,
உன் அம்மா,
க. சின்னப்பொண்ணு.